கருவில் வளரும் குழந்தையும் கேளா ஒலிப் பரிசோதனையும்



தோட்டத்துப் பள்ளி ஆசிரியைக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது மட்டுமே வேலையன்று. அரசாங்கத்திலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். பாரம் நிரப்பித் தர வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருப்பது என்னவென்றும் விளக்க வேண்டும். "டீச்சர், ஸ்கேன் பண்ணினாங்க. பிள்ளை நல்லா இருக்குன்னு மிஸ்ஸி சொன்னாங்க. ஆனா ரெண்டு வாரத்துல மறுபடியும் வரச் சொல்றாங்க. நல்லா இருந்தா மறுபடியும் எதுக்கு டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வரும் தாய்மார்கள் பலர். நான் மருத்துவர் அல்லள். ஆகவே, அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே தாதியரிடமும் மருத்துவர்களிடமும் கேட்டும், நூல்களைப் படித்தும் சிலவற்றைத் தெரிந்துகொண்டேன். அவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் என்பது ஒரே பரிசோதனை அன்று. கர்ப்ப காலத்தில் எடுக்கப்படும் ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு தனிக் கேள்விக்கு விடை தேடுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் உரிய காலம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலம் தவறிப் போனால், பிறகு எவ்வளவு விலை உயர்ந்த கருவியைக் கொண்டு பார்த்தாலும் அதே விடை அவ்வளவு தெளிவாகக் கிடைப்பதில்லை. இதைத்தான் இன்றைய பேச்சில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்கேன் கருவி எப்படி வேலை செய்கிறது? மலைக் குகைக்குள் நின்று கூப்பிட்டால் நம் குரல் பாறையில் மோதித் திரும்பி வருகிறது. இதை எதிரொலி என்கிறோம். இருட்டில் பறக்கும் வௌவால் இந்த எதிரொலியைக் கொண்டே வழி அறிகிறது. மீன்பிடிப் படகுகளில் கடலின் ஆழத்தை அளப்பதும் இதே முறையில்தான். மனிதக் காது வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை உள்ள ஒலியைக் கேட்கும். அதற்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது. ஆகவே அதைக் கேளா ஒலி என்கிறோம். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் கருவி வினாடிக்குச் சில மில்லியன் அதிர்வுகள் கொண்ட ஒலியை உடலுக்குள் அனுப்புகிறது. அது தசை, எலும்பு, நீர் ஆகியவற்றின் எல்லைகளில் பட்டுத் திரும்புகிறது. எந்த இடத்திலிருந்து எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதைக் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. நீர் கறுப்பாகவும், எலும்பு வெண்மையாகவும், மற்றவை சாம்பல் நிறமாகவும் தெரியும். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவுவது ஏன் தெரியுமா? தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று புகுந்தால் ஒலி உள்ளே போகாமல் அங்கேயே திரும்பிவிடும். அந்தக் காற்றை நீக்குவதற்காகவே பசை தடவுகிறார்கள். அது மருந்தன்று.

இந்த முறையை மகப்பேற்று மருத்துவத்துக்குக் கொண்டு வந்தவர் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய மருத்துவர் இயன் டொனால்ட். இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் பணிபுரிந்தவர் அவர். எதிரொலியைக் கொண்டு தொலைவில் உள்ளதைக் கண்டறியும் கருவிகளைப் பற்றி அவர் அறிந்திருந்தார். தொழிற்சாலைகளில் இரும்புக்குள் மறைந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்கும் கேளா ஒலிக் கருவியை மனித உடலில் பயன்படுத்தினால் என்ன என்று எண்ணினார். டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மக்விக்கார் என்ற மருத்துவரும் அவருக்குத் துணை நின்றார்கள். 1958ஆம் ஆண்டில் இம்மூவரின் கட்டுரை 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று. அதற்கு முன்பு, வயிற்றுப் பிள்ளையைப் பார்க்க வேண்டுமானால் எக்ஸ்ரே ஒன்றே வழியாக இருந்தது. கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது என்று ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் 1950ஆம் ஆண்டுகளில் எடுத்துக் காட்டினார். கேளா ஒலியில் அத்தகைய கதிர்வீச்சு இல்லை. ஸ்கேன் எடுத்தால் பிள்ளைக்குக் கதிர் பாயும் என்று சிலர் அஞ்சுவது தவறு. பல ஆண்டுகளாக உலகெங்கும் பயன்படுத்தியும் இதனால் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததாக நிறுவப்படவில்லை. ஆயினும், காரணமின்றி எடுக்கக் கூடாது, தேவைக்கு மேல் நீட்டிக்கக் கூடாது என்பதே மருத்துவர்களின் விதியாகும்.

இனி, ஸ்கேன்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கர்ப்பத்தின் வயதைக் கண்டறியும் ஸ்கேன். இது முதல் மூன்று மாதத்தில் எடுக்கப்படுவது. கர்ப்பம் கருப்பைக்குள் தங்கியிருக்கிறதா, இதயம் துடிக்கிறதா, ஒரு குழந்தையா இரட்டையா, எத்தனை வாரம் ஆகியிருக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கு இது விடை தருகிறது. சில வேளைகளில் கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கிவிடும். அது வளர்ந்து குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் பெருகித் தாயின் உயிருக்கே ஆபத்து நேரும். குழந்தை உருவாகாமல் நச்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் குலைபோல் பெருகும் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்ற நிலையும் உண்டு. இவற்றையெல்லாம் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம்.

வயதைக் கணக்கிடுவது ஏன் அவ்வளவு முக்கியம்? கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்று கணக்கிட்டுத்தான் பிரசவ நாளைக் குறிக்கிறார்கள். ஆனால் எல்லாப் பெண்களுக்கும் மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. சிலருக்கு நாள் நினைவிருப்பதில்லை. முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. ஆகவே, குழந்தையின் உச்சந்தலையிலிருந்து அடிமுதுகு வரை உள்ள நீளத்தை அளந்தால் வயதை ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் சரியாகச் சொல்லிவிடலாம். மாதம் ஏற ஏறக் குழந்தைகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வளரத் தொடங்குகின்றன. ஏழாம் மாதத்துக்குப் பிறகு அளந்தால், சொல்லும் வயதில் மூன்று வாரம் முன்னும் பின்னுமாகப் பிழை இருக்கலாம்.

மூன்று வாரப் பிழையால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவள் என்னிடம் படித்தவள். திருமணமாகிச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை. அந்நிலையிலேயே மீண்டும் கருவுற்றதை அவள் உணரவில்லை. வயிற்றில் அசைவு தெரிந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. "நான் அஞ்சு பெத்தேன், ஒரு ஸ்கேனும் பார்க்கலை. எல்லாம் மெதுவாப் போகலாம்" என்றார் மாமியார். அவர் பெற்ற ஐந்தில் இரண்டு பிழைக்கவில்லை என்பதையும் அவரே பிறகு சொன்னார். இவள் கிளினிக்குக்குப் போனபோது ஏழு மாதத்துக்கு மேல் இருக்கும். வயிறோ சிறிதாக இருந்தது. குழந்தைக்கு மாதம் குறைவா, அல்லது மாதம் சரியாக இருந்தும் குழந்தை வளரவில்லையா? இந்த ஒரு கேள்விக்கு அன்று எடுத்த ஸ்கேனால் விடை சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து மீண்டும் அளந்து, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த இரண்டு வாரமும் அவள் தூங்கவில்லை. அவள் கதையின் மீதியைப் பிறகு சொல்கிறேன்.

எனவே, மாதவிலக்கு தள்ளிப் போன உடனே அருகிலுள்ள சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். 12 வாரத்துக்குள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று தாதியர் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று மாதம் முடியும் முன் வெளியில் சொன்னால் கண்ணேறு படும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. ஊராரிடம் சொல்ல வேண்டியதில்லை. தாதியிடம் சொல்லத்தான் வேண்டும்.

இந்தத் தொடக்க காலத்தில் கரு மிகச் சிறிதாக இருப்பதால், வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் கருவிக்குத் தெளிவாகத் தெரியாமல் போகலாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொல்வது இதனால்தான். நிறைந்த சிறுநீர்ப்பை ஒலி செல்வதற்கு நல்ல வழியாக அமைகிறது. அதிலும் தெரியாவிட்டால், மெல்லிய கருவி ஒன்றைப் பிறப்புறுப்பின் வழியே வைத்துப் பார்ப்பார்கள். இதுவே உள்வழி ஸ்கேன். இதைக் கேட்டதும் பல பெண்கள் வெட்கப்பட்டு மறுத்துவிடுகிறார்கள். இதனால் கருச்சிதைவு ஏற்படாது. கருவி கருப்பைக்குள் நுழைவதில்லை. சுத்தமான உறை போட்டே பயன்படுத்துவார்கள். ஆறாம் வாரத்திலேயே இதயத் துடிப்பைக் காணவும், கரு வேறிடத்தில் தங்கியிருப்பதைக் கண்டுபிடிக்கவும் இதுவே சிறந்த வழி. துணைக்கு ஒரு தாதி இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இரண்டாவது, கழுத்துப் பின்புற நீரை அளக்கும் ஸ்கேன். இது 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை மட்டுமே செய்யக் கூடியது. அந்தக் காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் பிடரியில் தோலுக்கடியில் சிறிது நீர் இருக்கும். அது வழக்கத்துக்கு மேல் தடித்திருந்தால், டவுன் சின்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைபாடோ இதயக் குறைபாடோ இருக்கும் வாய்ப்பு கூடுதல். கவனியுங்கள், வாய்ப்புக் கூடுதல் என்றுதான் சொன்னேன். நோய் உண்டு என்று சொல்லவில்லை. நீர் தடித்திருந்தும் நலமாகப் பிறந்த குழந்தைகள் பல உண்டு. உறுதி செய்வதற்குத் தாயின் இரத்தத்தைச் சோதிப்பதும், தேவையானால் பனிக்குட நீரையோ நச்சுக்கொடித் திசுவையோ சிறிது எடுத்துச் சோதிப்பதும் தனி. இந்த ஸ்கேன் எல்லா இடங்களிலும் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. வயது கூடிய தாய்மார்கள், முன்பு இத்தகைய குழந்தை பெற்றவர்கள் ஆகியோர் கட்டாயம் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரட்டைக் குழந்தைகளாக இருந்தால் இதே காலத்தில் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி நச்சுக்கொடியா, அல்லது ஒன்றைப் பங்கிட்டுக்கொள்கின்றனவா என்பது 14 வாரத்துக்குள் தெளிவாகத் தெரியும். பங்கிட்டுக்கொண்டால் ஒரு குழந்தையின் இரத்தம் மற்றொன்றுக்குப் போய்விடும் அபாயம் உண்டு. அத்தகைய தாயை 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்.

மூன்றாவது, உறுப்புகளை ஆராயும் ஸ்கேன். பெரும்பாலும் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கப்படுகிறது. தலையிலிருந்து கால் வரை குழந்தையை முறையாகப் பார்க்கும் பரிசோதனை இதுவேயாகும். மூளை சரியாக அமைந்திருக்கிறதா, உதடு பிளவுபட்டிருக்கிறதா, இதயத்தில் நான்கு அறைகள் உள்ளனவா, முதுகெலும்பு முழுமையாக மூடியிருக்கிறதா, வயிற்றுச் சுவர், இரைப்பை, சிறுநீரகம், கைகால்கள் எப்படி இருக்கின்றன என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். குழந்தை குப்புறப் படுத்திருந்தால், "கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்" என்று சொல்வதும் உண்டு. பரிசோதிப்பவர் பேசாமல் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே அஞ்ச வேண்டாம். அவர் எண்ணிக்கொண்டும் அளந்துகொண்டும் இருக்கிறார்.

ஏன் இந்த வாரம்? இதற்கு முன்பு உறுப்புகள் மிகச் சிறியவை. இதற்குப் பின்போ குழந்தை நெருக்கமாக மடங்கிக்கொள்வதாலும் எலும்பின் நிழல் விழுவதாலும் பார்வை மறைகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையில், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 24 வாரத்துக்கு முன்பு ஒரு ஸ்கேனாவது எடுக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. குறை ஏதேனும் தெரிந்தால், எந்த மருத்துவமனையில் பெற்றெடுப்பது, பிறந்தவுடன் எந்த மருத்துவர் தயாராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிடலாம். சில இதயக் குறைபாடுகளில் பிறந்த சில மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டியிருக்கும். அத்தகைய குழந்தை எங்கே பிறக்கிறது என்பதே அதன் உயிரைத் தீர்மானிக்கிறது.

இதே ஸ்கேனில் நச்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். அது கருப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால் பெரும் இரத்தப் போக்கு ஏற்படலாம். ஐந்தாம் மாதத்தில் கீழே இருப்பது, கருப்பை விரிய விரியப் பெரும்பாலும் மேலே நகர்ந்துவிடும். அதனால்தான் 32ஆம் வாரம் போல் மீண்டும் பார்க்கச் சொல்கிறார்கள். அப்போதும் வாயை மூடியிருந்தால் அறுவைச் சிகிச்சையே பாதுகாப்பான வழி. முன்பு குறைமாதத்தில் பிரசவமானவர்களுக்குக் கருப்பை வாயின் நீளத்தையும் உள்வழி ஸ்கேனால் அளப்பதுண்டு. 24 வாரத்துக்குள் அது 25 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால், மருந்து வைத்தோ தையல் போட்டோ குறைப்பிரசவத்தைத் தடுக்க முயல்வார்கள்.

உறுப்பு ஸ்கேனில் இதயத்தைப் பற்றிச் சந்தேகம் எழுந்தாலும், தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பே இனிப்பு நீர் நோய் இருந்தாலும், குடும்பத்தில் பிறவி இதய நோய் இருந்தாலும், குழந்தையின் இதயத்தை மட்டும் தனியாக ஆராயும் ஸ்கேன் ஒன்றும் உண்டு. அதற்கென்று பயிற்சி பெற்றவர்களே அதைச் செய்வார்கள்.

நான்காவது, வளர்ச்சியை அளக்கும் ஸ்கேன். இது கடைசி மூன்று மாதத்தில் எடுக்கப்படுவது. சீட்டில் உள்ள எழுத்துகள் என்னவென்று தாய்மார்கள் கேட்பது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். பி.பி.டி. என்பது தலையின் அகலம். எச்.சி. என்பது தலையின் சுற்றளவு. ஏ.சி. என்பது வயிற்றின் சுற்றளவு. எஃப்.எல். என்பது தொடை எலும்பின் நீளம். இந்நான்கையும் கொண்டு கணித்த எடையே இ.எஃப்.டபிள்யூ. என்று எழுதப்படுகிறது. அது தராசில் நிறுத்த எடையன்று. நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு கூடவோ குறையவோ இருக்கலாம். "மூன்று கிலோ என்றார்கள், இரண்டே முக்கால் கிலோதான் பிறந்தது" என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. ஏ.எஃப்.ஐ. என்பது பனிக்குட நீரின் அளவு. பொதுவாக 5 முதல் 25 சென்டிமீட்டர் வரை இருக்கும். இ.டி.டி. என்பது மாதவிலக்கைக் கொண்டு குறித்த பிரசவ நாள். ஆர்.இ.டி.டி. என்று எழுதியிருந்தால், ஸ்கேனைக் கொண்டு திருத்தப்பட்ட பிரசவ நாள் என்று பொருள். அப்படித் திருத்தப்பட்டிருந்தால் அதையே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த அளவுகளில் வயிற்றின் சுற்றளவு மிக முக்கியமானது. குழந்தைக்கு ஊட்டம் குறைந்தால் உடல் தன் மூளையை முதலில் காப்பாற்றிக்கொள்கிறது. கல்லீரலில் சேர்த்து வைப்பது குறைகிறது. அதனால் தலை வளரும். வயிறு சிறுத்துப் போகும். தாய்க்கு இனிப்பு நீர் கட்டுப்படாமல் இருந்தாலோ நேர்மாறாக வயிறு பெருத்துக் குழந்தை பெரிதாகிவிடும். நம் இந்தியப் பெண்களிடையே கர்ப்ப கால இனிப்பு நீர் அதிகம் என்பதால் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். "நல்லா இருக்குன்னு சொன்னாங்க, மறுபடியும் எதுக்கு வரணும்?" என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. ஒரு முறை அளந்தால் தெரிவது அளவு. இரண்டு முறை அளந்தால்தான் வளர்ச்சி தெரியும். பள்ளிப் பிள்ளையை ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து பார்ப்பதைப் போன்றதே இது. அளக்கும்போது சிறு பிழை நேர்வது இயல்பு. ஆகவே இரண்டு அளவுகளுக்கும் இடையே இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

ஐந்தாவது, இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். நம்மை நோக்கி வரும் ஆம்புலன்ஸின் ஓசை கீச்சென்றும், நம்மைக் கடந்து போகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? இதற்கான விதியை 1842ஆம் ஆண்டில் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய அறிஞர் கூறினார். ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியும் அவ்வாறே மாறுகிறது. கிளினிக்கில் தாதி ஒரு சிறு கருவியை வயிற்றில் வைத்து, 'டக் டக்' என்று இதயத் துடிப்பைக் கேட்க வைக்கிறாரே, அதுவும் இந்த விதிப்படி வேலை செய்வதே. ஆனால் அது இதயம் துடிக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். டாப்ளர் ஸ்கேன், தொப்புள் கொடியில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று காட்டும். நச்சுக்கொடி பழுதடைந்தால், இதயம் இரண்டு துடிப்புகளுக்கிடையே ஓய்வு கொள்ளும் வேளையில் அந்த ஓட்டம் குறைகிறது. பிறகு நின்றுபோகிறது. நிலைமை இன்னும் மோசமானால் பின்னோக்கித் திரும்புகிறது. குழந்தையை இன்னும் சில நாள் வயிற்றில் விட்டு வைக்கலாமா, உடனே வெளியே எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்ய இது பெரிதும் உதவுகிறது. இரத்த அழுத்தம் உள்ள தாய்மார்களுக்கும், வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் இது எடுக்கப்படுகிறது.

கடைசியாக, முப்பரிமாண ஸ்கேன் என்பதும், குழந்தை அசைவதையே காட்டும் நாற்பரிமாண ஸ்கேன் என்பதும் உண்டு. உதட்டுப் பிளவு போன்ற சிலவற்றைத் தெளிவுபடுத்த இவை உதவும். ஆனால் பலர் முகம் பார்ப்பதற்காகவே பணம் கட்டி எடுக்கிறார்கள். முகம் பார்த்து மகிழ்வதில் தவறில்லை. அதுவே உறுப்புகளை ஆராயும் ஸ்கேன் என்று எண்ணி, அதற்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் தவறு. அழகான படம் வேறு, முழுமையான பரிசோதனை வேறு.

ஆணா பெண்ணா என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வரும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். கருவிலேயே பெண்ணை அழிக்கும் கொடுமை பரவியதால், பிறக்குமுன் இதைக் கண்டறிந்து சொல்வதையே தடுக்க இந்தியாவில் 1994ஆம் ஆண்டில் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. நாம் முதலில் கேட்க வேண்டியது வேறு. நச்சுக்கொடி எங்கே இருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறதா, அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேளுங்கள்.

ஸ்கேனால் முடியாதவையும் உண்டு. காது கேட்குமா, கண் தெரியுமா, அறிவு வளர்ச்சி எப்படி இருக்கும் என்பதை ஸ்கேன் சொல்லாது. தலசீமியா போன்ற இரத்தக் குறைபாட்டுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். நல்ல கருவியும் நல்ல மருத்துவரும் இருந்தும் சில இதயக் குறைகள் கண்ணுக்குத் தப்பிவிடுவதுண்டு. ஸ்கேன் நன்றாக இருந்தது என்பதற்காக இரத்த அழுத்தம் பார்க்காமலும், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடாமலும் இருக்கக் கூடாது. பிற்பகுதி மாதங்களில் குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தெரிந்தால், அடுத்த ஸ்கேன் நாள் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நேற்று எடுத்த ஸ்கேன் நேற்றைய நிலையைத்தான் சொல்லும்.

என் மாணவியின் கதையை முடிக்கிறேன். இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் குழந்தையின் தலை சிறிது வளர்ந்திருந்தது. வயிறு ஏறக்குறைய அப்படியே இருந்தது. டாப்ளரில் கொடியின் ஓட்டம் குறைந்திருப்பது தெரிந்தது. உடனே பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். சில நாள்களில் அறுவைச் சிகிச்சையால் பெண் குழந்தை பிறந்தது. எடை ஒரு கிலோ எழுநூறு கிராம். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. தாய் தினமும் பால் பீய்ச்சி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். சரியான வயது தெரிந்திருந்தால் முதல் ஸ்கேனிலேயே ஆபத்தை உணர்ந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னாராம். அந்த இரண்டு வாரத்தில் எதுவும் நேர்ந்திருக்கலாம். நேரவில்லை, அது நம் நல்ல காலம். அக்குழந்தை இப்போது எங்கள் பள்ளியில் முதலாம் ஆண்டில் படிக்கிறாள். அதற்குப் பிறகு ஒருமுறை கருவுற்றபோது, எட்டாம் வாரத்திலேயே அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனவர் அந்த மாமியார்தான்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. ஸ்கேன் நாளன்று மனைவியோடு செல்லுங்கள். அரை நாள் சம்பளம் போகும் என்பது உண்மைதான். ஆனால் இருட்டறையில் படுத்துக்கொண்டு புரியாத சொற்களைத் தனியாகக் கேட்பது எளிதன்று. இருவர் கேட்டால் ஒருவருக்காவது நினைவிருக்கும். கிளினிக்கில் கொடுக்கும் தாய்நலப் புத்தகத்தையும், எல்லா ஸ்கேன் சீட்டுகளையும் ஒன்றாக வைத்து ஒவ்வொரு முறையும் கொண்டு செல்லுங்கள். அப்புத்தகத்தில் ஒட்டப்படும் நிறத்துக்கும் பொருள் உண்டு. வெள்ளை என்றால் தாதியின் கவனிப்பே போதும். பச்சை என்றால் கிளினிக் மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் மருத்துவமனை மருத்துவரிடம் விரைவில் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனையில் சேர வேண்டும்.

தாய்மார்களே, 12 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், ஐந்தாம் மாதத்தில் ஒரு ஸ்கேன், அதன் பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் மற்றவை. இதை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும், "இன்று எதைப் பார்க்கிறீர்கள்? என்ன தெரிந்தது? அடுத்து எப்போது?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. நம் பிள்ளையைப் பற்றி நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?